நாற்பதை ஒட்டிய கருவும் முதல் ஸ்கேன்களும்

காலை பத்து மணிக்கு எந்த ஸ்கேன் மையத்தின் காத்திருப்புக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தாலும் ஒரு காட்சி தவறாது. கையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலும் மடியில் பழைய ரிப்போர்ட்டுகள் அடங்கிய பிளாஸ்டிக் உறையுமாக ஒரு பெண், "முட்டிக்கிட்டு வருதுங்க, எனக்கு முன்னாடி இன்னும் எத்தனை பேர்?" என்று வரவேற்பு மேசையில் கேட்டுக்கொண்டிருப்பார். அந்த வரிசையில் 22 வயதுப் பெண்ணும் இருப்பார், 39 வயதுப் பெண்ணும் இருப்பார். இருவருக்கும் ஒரே கருவி, ஒரே ஜெல், ஏறக்குறைய ஒரே நேரம். உள்ளே திரையில் தெரியும் இரண்டு கருக்களும் அச்சில் வார்த்தாற்போல ஒன்றாகவே இருந்தாலும், வெளியே வரும்போது இருவர் கையிலும் இருக்கும் தாளில் எண்கள் மட்டும் பெரிதும் வேறுபட்டிருக்கும். அந்த வேறுபாடு திரையிலிருந்து வந்ததன்று; தாயின் பிறந்த தேதியிலிருந்து வந்தது. இதைப் புரிந்துகொண்டால் தாமதமான கர்ப்பத்தில் எடுக்கப்படும் ஆரம்ப கால ஸ்கேனைப் பற்றிய குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

முப்பத்தைந்து என்ற கோடு எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. 35 வயதிலோ அதற்குப் பின்னரோ முதல் குழந்தையைச் சுமக்கும் பெண்ணைத் தனி வகையாகக் கருத வேண்டும் என்று 1958-இல் பன்னாட்டு மகப்பேறியல் கூட்டமைப்பு வரையறுத்தது; இன்றும் மருத்துவமனை அட்டைகளில் "எல்டர்லி பிரைமி" (வயது கூடிய முதல் கர்ப்பிணி) என்று கிறுக்கப்படுவது அந்த மரபின் எச்சம்தான். பின்னர் பனிக்குட நீரை ஊசியால் எடுத்துக் குரோமோசோம்களைச் சோதிக்கும் முறை வந்தபோது, அந்த ஊசியால் கரு கலையும் வாய்ப்பும் குழந்தைக்கு, அறிவு வளர்ச்சியைப் பாதிக்கும் குரோமோசோம் குறையான டவுன் சின்ட்ரோம் இருக்கும் வாய்ப்பும் ஏறக்குறைய சமமாகும் வயது எது என்று கணக்குப் போட்டார்கள். விடை மறுபடியும் 35 என்றே வந்து நின்றது. ஆகவே அது உடல் வகுத்த எல்லையன்று, அக்காலத்து மருத்துவம் தன் வசதிக்காக வகுத்துக்கொண்ட எல்லை. வயதை மட்டும் வைத்துப் பிரிக்காமல் எல்லா வயதுக் கர்ப்பிணிகளுக்கும் இச்சோதனைகளைச் சொல்ல வேண்டும் என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் 2007-லேயே அறிவித்துவிட்டது. இருந்தபோதிலும், ஸ்கேன் மையங்களில் பி.சி.பி.என்.டி.டி. சட்டம் என்று சொல்லப்படும் இந்தியாவின் 1994-ஆம் ஆண்டுச் சட்டம், பிறப்புக்கு முந்தைய நோயறி சோதனைகளைச் செய்வதற்கான காரணங்களில் ஒன்றாக "35 வயதுக்கு மேல்" என்பதை இன்னும் வைத்திருக்கிறது. பழைய கணக்கு சட்டப் பிரிவாக நிலைத்துவிட்டது.

கோடு செயற்கையானது என்பதால் வயதின் விளைவு பொய்யாகிவிடாது. ஒரு பெண்ணின் கருமுட்டைகள் அனைத்தும் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. ஐந்தாம் மாதத்தில் 60, 70 லட்சம் என்ற அளவில் இருக்கும் அவை, அவள் பிறக்கும்போது 10 முதல் 20 லட்சமாகக் குறைகின்றன. அதன்பின் புதிதாக ஒன்றுகூடச் சேர்வதில்லை. ஒவ்வொரு முட்டையும் தன் குரோமோசோம்களைப் பாதியாகப் பிரித்துக்கொள்ளும் குன்றல் பகுப்பைத் தொடங்கி, நடுவழியில் நிறுத்திவைத்தபடி, தன் மாதவிடாய்ச் சுற்று வரும் வரை காத்திருக்கிறது. 20 வயதில் வெளிவரும் முட்டை 20 ஆண்டு காத்திருந்தது, 40 வயதில் வெளிவருவது 40 ஆண்டு காத்திருந்தது. இணைக் குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கொஹெசின் என்ற புரதம் இந்த நெடுங்காலத்தில் நைந்துபோக, பிரிய வேண்டியவை ஒழுங்காகப் பிரியாமல் ஒரு பக்கம் இரண்டாகவும் மறுபக்கம் எதுவுமில்லாமலும் போய்ச் சேர்கின்றன. 21-ஆம் குரோமோசோம் இப்படிக் கூடுதலாக வந்தால் அதுவே டவுன் சின்ட்ரோம். 18 அல்லது 13 என்றால் குழந்தை நெடுநாள் பிழைப்பது அரிது. இவை தவிர்த்த பெரும்பாலான பிசகுகளில் கரு பிறப்பு வரை வருவதேயில்லை, முதல் மூன்று மாதத்துக்குள் கலைந்துவிடுகிறது. நார்வே நாட்டின் பதிவேடுகளை வைத்து 2019-இல் வெளியான ஆய்வில், 25 முதல் 29 வயதில் பத்தில் ஒன்றாக இருந்த கருச்சிதைவு, 45-ஐக் கடந்தவர்களிடம் பாதிக்குச் சற்று மேலாக இருந்தது. டவுன் சின்ட்ரோமுடன் குழந்தை பிறக்கும் வாய்ப்பு 20 வயதில் ஏறக்குறைய 1,500-இல் ஒன்று, 30 வயதில் 900-இல் ஒன்று, 35-இல் 350-இல் ஒன்று, 40-இல் 100-இல் ஒன்று. கடைசி எண்ணை மட்டும் மறுபக்கமாகப் படித்துப் பார்ப்பது நல்லது: 40 வயதுத் தாய்மார் 100 பேரில் 99 பேருக்கு அது இல்லை.

நாள் தள்ளிப்போய், வீட்டிலேயே சிறுநீர்ப் பட்டையில் இரண்டு கோடு பார்த்த பிறகு எடுக்கப்படும் முதல் ஸ்கேன் பெரும்பாலும் ஆறாம் வாரத்துக்கும் எட்டாம் வாரத்துக்கும் இடையில் வருகிறது. இதில் குறை எதையும் தேடுவதில்லை. கரு கருப்பைக்குள்தான் இருக்கிறதா, ஒன்றா இரண்டா, துடிக்கிறதா, உண்மையில் எத்தனை வாரம் ஆகிறது என்ற நான்கு கேள்விகளே இங்கு முக்கியம். இந்நிலையில் வயிற்றின் மேலிருந்து பார்ப்பதைவிடப் பிறப்புறுப்பு வழியாக மெல்லிய கருவியைச் செலுத்திப் பார்ப்பதே தெளிவாக இருக்கும். கருவி அருகில் இருப்பதால் அதிக அதிர்வெண் கொண்ட ஒலியைப் பயன்படுத்த முடிகிறது, படம் கூர்மையாகிறது. அதற்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்கவும் வேண்டியதில்லை. "உள்வழியா பார்த்தா கரு கலைஞ்சிடுமாமே" என்ற அச்சம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. கருவி நிற்பது கருப்பை வாய்க்கு வெளியே; அது கருவைத் தொடுவதும் இல்லை, ஒலியில் எக்ஸ்ரேயைப் போன்ற கதிர்வீச்சும் இல்லை. ரத்த ஓட்டத்தையும் துடிப்பையும் அளக்கும், ஆற்றல் மிகுந்த டாப்ளர் முறையை மட்டும் இந்த ஆரம்ப வாரங்களில் தேவையின்றிப் பயன்படுத்தக் கூடாது என்பது விதி. ஆறாம் வாரக் கருவின் துடிப்பை ஒலியாகக் கேட்க வேண்டும் என்று வற்புறுத்துவதைவிட, திரையில் மினுக்மினுக்கென்று தெரிவதைப் பார்த்துவிட்டு வருவதே முறை.

இந்த முதல் ஸ்கேனில்தான் மனவேதனையும் அதிகம். ஐந்து வாரத்தில் வெறும் கருப்பையறைப் பை மட்டும் தெரியும். ஐந்தரை வாரத்தை ஒட்டி அதற்குள் மஞ்சள்கருப் பை வளையம்போல் தோன்றும். ஆறு வாரமளவில் அதன் ஓரத்தில் அரிசிமணியைவிடச் சிறிய கருவும் அதன் துடிப்பும் தெரியத் தொடங்கும். ஆர்வம் தாங்காமல் நான்கு நாள் முந்திப் போய்ப் படுத்துக்கொள்பவருக்குத் துடிப்பு தெரியாமல் போவது இயல்பு. நாற்பதை நெருங்கும்போது மாதவிடாய்ச் சுற்று முன்னும் பின்னுமாகத் தடுமாறுவதால், தேதிக் கணக்கில் ஏழு வாரம் என்றிருப்பது உண்மையில் ஐந்தரை வாரமாகவும் இருக்கலாம். கரு 7 மில்லிமீட்டரை எட்டியும் துடிப்பில்லாவிட்டால், அல்லது பையின் சராசரி விட்டம் 25 மில்லிமீட்டரை எட்டியும் உள்ளே கரு தெரியாவிட்டால் மட்டுமே ஒரே ஸ்கேனில் கருச்சிதைவு என்று உறுதி சொல்லலாம் என்ற வரம்பு வகுக்கப்பட்டிருப்பது இதற்காகத்தான். அதற்குக் குறைவான அளவுகளில் ஒரு வாரமோ இரண்டு வாரமோ கழித்து மறுபடி பார்ப்பதே சரி. "வயசாயிடுச்சு, அதான் நிக்கலை" என்று அந்த அறையிலேயே யாராவது தீர்ப்புச் சொன்னால், அந்த வார்த்தைக்குப் பின்னால் இந்த 7, 25 என்ற எண்கள் இருக்கின்றனவா என்று கேட்கத் தாய்க்கு உரிமை உண்டு.

கரு கருக்குழாயில் தங்கிவிடும் வாய்ப்பும் வயதோடு கூடுகிறது. முன்பு குழாயில் தொற்றோ அறுவையோ நடந்திருந்தால் இன்னும் கூடுகிறது. குழாய் வெடித்து உள்ளே ரத்தம் பெருகுவதற்குள் அதைக் கண்டுகொள்ள ஆரம்ப ஸ்கேனைவிடச் சிறந்த வழி கிடையாது. இரட்டைக் கருவும் இவ்வயதில் சற்று அதிகம். கருமுட்டை இருப்பு குறையக் குறைய மூளையிலிருந்து வரும் எஃப்.எஸ்.எச். ஹார்மோன் ஏறுகிறது, அதன் உந்துதலால் ஒரே மாதத்தில் இரண்டு முட்டைகள் வெளிவந்துவிடுகின்றன. செயற்கைக் கருத்தரிப்பு என்றால் அது வேறு கதை. இரட்டை என்று தெரிந்தவுடன் கேட்க வேண்டியது கருவுக்கு உணவூட்டும் ஒரே நஞ்சை இரண்டும் பகிர்கின்றனவா, தனித்தனியா என்பதே. இரு நஞ்சுகள் சேரும் இடத்தில் நடுச்சவ்வு கூரான முக்கோணமாக ஏறி நின்றால் தனித்தனி. சுவரில் பலகை பொருத்தியதுபோல் செங்கோணமாக முட்டி நின்றால் பகிர்வு. பதினான்கு வாரத்துக்குமேல் இந்த அடையாளம் மங்கத் தொடங்கும். ஒரே நஞ்சைப் பகிரும் இரட்டையருக்குப் பதினாறாம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கொருமுறை ஸ்கேன் தேவைப்படும் என்பதால், இந்த ஒரு வரி ரிப்போர்ட்டில் விடுபட்டால் கர்ப்பத்தின் எஞ்சிய ஐந்து மாதமும் இருட்டில் நடப்பதுதான்.

பலரும் "பெரிய ஸ்கேன்" என்று மனத்தில் வைத்திருப்பது என்.டி. ஸ்கேன். பதினோரு வாரம் நிறைந்ததிலிருந்து பதின்மூன்று வாரம் ஆறு நாள் வரை, கருவின் உச்சி முதல் பிட்டம் வரையான நீளம் 45 முதல் 84 மில்லிமீட்டருக்குள் இருக்கும்போது மட்டுமே இதை எடுக்க முடியும். கருவின் பின்கழுத்துத் தோலுக்கடியில் இந்நாள்களில் சிறிது நீர் தேங்கியிருக்கும். திரையில் அது கறுப்புக் கீற்றாகத் தெரியும். டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களின் தோல் உடலுக்குப் பெரிதாகத் தைத்த சட்டைபோல் இருப்பதை ஆங்கிலேய மருத்துவர் லாங்டன் டவுன் 1866-லேயே கவனித்து எழுதியிருந்தார். அந்தத் தளர்ந்த தோலைக் கருவிலேயே அளக்கலாம் என்று லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் கிப்ரோஸ் நிக்கோலெய்டீசின் குழு காட்டியது 1992-இல். அளப்பது எளிய வேலையன்று. தலையும் மேல்மார்பும் மட்டும் திரையை நிறைக்கும் அளவுக்குப் படத்தைப் பெரிதாக்க வேண்டும். கரு நடுக்கோட்டில் பக்கவாட்டாகப் படுத்திருக்க வேண்டும். கழுத்து நிமிர்ந்தால் அளவு கூடிவிடும், குனிந்தால் குறைந்துவிடும். பின்னால் மிதக்கும் பனிக்குடச் சவ்வைத் தோலென்று எண்ணிவிடக் கூடாது. பிறகு இரண்டு சிலுவைக் குறிகளைக் கீற்றின் விளிம்புக் கோடுகளின் மேலேயே வைத்து, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குவரை குறிக்க வேண்டும். கரு தோதாகப் புரளவில்லையென்றால் தாயைக் கொஞ்சம் நடந்துவிட்டு, இனிப்பாக எதையாவது குடித்துவிட்டு வரச் சொல்வார்கள். அரைமணி நேரம் வெளியே காக்கவைப்பதைக் கெட்ட சகுனமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கீற்று 3.5 மில்லிமீட்டரைத் தொட்டால் அது நூற்றில் ஒருவருக்கே காணும் அளவு. அப்போதும் குரோமோசோம்கள் சரியாகவே இருக்கலாம். ஆனால் இதயக் கோளாறுக்கான வாய்ப்பு கூடுவதால் பின்னர் கருவின் இதயத்தைத் தனியாகப் பார்க்கச் சொல்வார்கள். மூக்கெலும்பு தெரிகிறதா என்பதும் இதே அமர்வில் பார்க்கப்படுகிறது. மண்டையோடு உருவாகாமை, வயிற்றுச் சுவர்த் திறப்பு போன்ற பெரிய குறைகள் பன்னிரண்டு வாரத்திலேயே தெரிந்துவிடும். இதயத்தின் நுண்குறைகளுக்கும் மூளையின் பிற்கால வளர்ச்சிக்கும் உறுப்புக் குறைகளைத் தேடும் ஐந்தாம் மாத அனாமலி ஸ்கேனைத்தான் எதிர்பார்க்க வேண்டும், என்.டி. நன்றாக இருந்தது என்று அதைத் தவிர்ப்பது பெரும் பிழை.

இனி அந்தத் தாளுக்கு வருவோம். 40 வயதுப் பெண் ஒருவரின் ரிப்போர்ட்டில் "அடிப்படை அபாயம் 1:70, திருத்திய அபாயம் 1:1100" என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் எண், அவரைப் பார்க்காமலேயே, அவருடைய வயதையும் கருவின் வாரத்தையும் மட்டும் வைத்துக் கணினி எழுதியது. பிறப்பில் 100-இல் ஒன்று என்றோமே, பன்னிரண்டு வாரத்தில் அது ஏன் 70-இல் ஒன்று என்றால், பாதிக்கப்பட்ட கருக்களில் ஒரு பகுதி இடையில் கலைந்துவிடுவதால்தான். இரண்டாம் எண், கீற்றின் தடிமன், மூக்கெலும்பு, டபுள் மார்க்கர் எனப்படும் ரத்தச் சோதனையில் பார்க்கும் பாப்-ஏ, பீட்டா எச்.சி.ஜி. அளவுகள் ஆகியவற்றைச் சேர்த்து முதல் எண்ணைத் திருத்தியபின் கிடைத்தது. நடைமுறையில் இந்தப் பெண்ணின் அபாயம் 30 வயதுப் பெண்ணின் அளவுக்கும் கீழே வந்துவிட்டது. ஆனால் பல வீடுகளில் முதல் வரியைப் படித்தவுடன் அழுகை தொடங்கிவிடுகிறது. இரண்டாம் வரியை யாரும் விளக்குவதில்லை. மறுபுறம், வயதும் கீற்றும் ரத்தச் சோதனையும் சேர்ந்த இம்முறை, நூற்றில் ஐந்து பேரைத் தவறாக எச்சரித்து, டவுன் சின்ட்ரோம் கருக்களில் ஏறத்தாழ 90 சதவீதத்தைப் பிடிக்கிறது என்பது எல்லா வயதினரையும் சேர்த்த கணக்கு. கணக்கில் வயது ஏற்கெனவே பெரும்பங்கு வகிப்பதால், நாற்பதைத் தொட்டவர்களிடம் பிடிபடுவதும் அதிகம், வீண் எச்சரிக்கையும் அதிகம். "ஹை ரிஸ்க்" என்று சிவப்பில் அச்சிட்டு வருவோரில் மிகப் பெரும்பாலோரின் குழந்தைகளுக்கு எந்தக் குறையும் இருப்பதில்லை.

இந்தக் கணக்கில் அடிக்கடி நேரும் ஒரு பிசகைத் தனியே சொல்ல வேண்டும். தானமாகப் பெற்ற கருமுட்டை என்றால் கணினியில் ஏற்ற வேண்டியது முட்டை தந்தவரின் வயதையே தவிர, சுமப்பவரின் வயதையன்று. 36 வயதில் உறையவைத்த கருவை 41-இல் வைத்திருந்தால், கணக்கு 36-இலிருந்து தொடங்க வேண்டும். செயற்கைக் கருத்தரிப்பை 50 வயது வரையான பெண்களுக்கு அனுமதிக்கும் 2021-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப்பின் இப்படிப்பட்ட கர்ப்பங்கள் அரிதல்ல. ஆனால் முட்டை தானத்தை உறவினர்முன் சொல்லத் தயங்கி, ஸ்கேன் அறையிலும் மறைத்துவிடுபவர்கள் உண்டு. 46 வயதின் பயங்கர எண் தாளில் ஏறி, தேவையற்ற ஊசியில் போய் முடிகிறது. மாமியார் வெளியே இருக்கும்போது மருத்துவரிடம் ஒரு வாக்கியம் சொன்னால் போதும்.

தாயின் ரத்தத்தில் மிதக்கும் கருவின் டி.என்.ஏ.யைப் பார்க்கும் என்.ஐ.பி.டி. சோதனை பத்தாம் வாரத்திலிருந்தே செய்யக்கூடியது. டவுன் சின்ட்ரோமைப் பொறுத்தவரை நூற்றில் 99 என்ற அளவில் கண்டுபிடிப்பது. செலவு பல ஆயிரம் ரூபாய். இது இருக்கும்போது ஸ்கேன் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ரத்தச் சோதனையில் கருவின் வாரமும் தெரியாது, மண்டையோடு இருக்கிறதா என்பதும் தெரியாது. ஆரம்பத்தில் இரட்டையாக இருந்து ஒன்று கரைந்துபோயிருந்தால், கரைந்ததன் டி.என்.ஏ.யே விடையைக் கெடுத்துவிடவும் கூடும். முதலில் ஸ்கேன், பிறகு ரத்தம் என்பதே சரியான வரிசை. கீற்று 3.5-ஐத் தாண்டியிருந்தால் என்.ஐ.பி.டி.யில் காலத்தைக் கழிக்காமல், நஞ்சின் துணுக்கை எடுக்கும் சி.வி.எஸ். அல்லது பதினாறு வாரத்தையொட்டிப் பனிக்குட நீரை எடுத்துச் செய்யும் ஆம்னியோ என்ற உறுதிச் சோதனைக்கே நேராகப் போகச் சொல்வார்கள். தேர்ந்த கைகளில் இந்த ஊசிகளால் கரு கலையும் கூடுதல் வாய்ப்பு இன்று 200-இல் ஒன்றுக்கும் குறைவு. முப்பத்தைந்து என்ற கோட்டைப் பெற்றெடுத்த பழைய கணக்கு அப்படியே தலைகீழாகிவிட்டது.

குழந்தையைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதில் தாய் மறந்துபோகிறார். நாற்பதைத் தொட்ட பெண்ணுக்குக் கர்ப்பகால ரத்தக் கொதிப்பு முற்றி வலிப்பு வரை போகும் ஆபத்து இளையவர்களைவிட அதிகம். அதே என்.டி. ஸ்கேனில், கருப்பைக்கு ரத்தம் கொண்டுபோகும் இரு தமனிகளில் ஓட்டம் தடையின்றி இருக்கிறதா என்று டாப்ளரில் அளந்து, ரத்த அழுத்தத்தோடும் சில ரத்தச் சோதனைகளோடும் சேர்த்தால், யாருக்கு இந்நோய் சீக்கிரமே வரக்கூடும் என்று பெருமளவு கணிக்க முடிகிறது. அப்படிக் கணிக்கப்பட்டவர்களுக்குப் பதினான்கு வாரத்துக்குள் தொடங்கி 36 வாரம் வரை இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்தபோது, குறைமாதத்திலேயே பிரசவம் பார்க்க வைக்கும் அளவுக்கு முற்றும் நோய் 62 சதவீதம் குறைந்ததை 2017-இல் வெளியான ஆஸ்ப்ரே ஆய்வு காட்டியது. குரோமோசோம் கணக்கில் ஒரு தாய் செய்யக்கூடியது தெரிந்துகொள்வது மட்டுமே. இங்கோ, தெரிந்த அன்றைக்கே மாத்திரை தொடங்கலாம். ஆரம்ப ஸ்கேனின் பயன்களில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும், என் கணிப்பில் முதலிடத்தில் வைக்க வேண்டியதும் இதுவே. ஃபைப்ராய்டு எனப்படும் கருப்பை நார்த்திசுக் கட்டிகளும் இவ்வயதில் சாதாரணம். கருப்பை பெரிதாகுமுன் அவற்றின் இடத்தையும் அளவையும் குறித்துவைக்க இதைவிட்டால் வேறு நல்ல தருணம் கிடைக்காது.

அறைக்கு வெளியே, கருவிலுள்ள குழந்தையின் பாலினம் இங்கு தெரிவிக்கப்படமாட்டாது என்ற பலகை தொங்கும். உள்ளே போகுமுன், மேலே சொன்ன 1994 சட்டப்படியான எஃப் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அதில் ஸ்கேனுக்கான காரணம், கருவின் வாரம் எல்லாம் பதிவாகும் என்பதால், படிக்காமல் கையெழுத்திடக் கூடாத தாள் அது. வாரக் கணக்கு சட்டத்திலும் பேசும். 2021-இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டப்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்துப் போதும். 20 முதல் 24 வரை குறிப்பிட்ட பிரிவினருக்கு இரு மருத்துவர்கள் வேண்டும். அதற்குமேல் கருவில் கடுமையான குறை இருந்தால் மட்டும், மருத்துவக் குழுவின் முடிவுக்குப்பின். பன்னிரண்டாம் வாரத்தில் ஐயம் எழுந்தால், உறுதிச் சோதனை செய்து, முடிவுக்குக் காத்து, கணவன் மனைவி இருவரும் அவசரமில்லாமல் பேசி ஒரு முடிவுக்கு வர இடமிருக்கிறது. கர்ப்பத்தைத் தொடர்வது என்பதும் அப்படிப் பேசி எடுக்கும் முடிவுகளில் ஒன்றுதான். அதே ஐயம் இருபதாம் வாரத்தில் முதன்முறையாக எழுந்தால் மிஞ்சுவது சில நாள்கள்.

எல்லாம் நல்லபடியாகக் கடந்து எட்டாம் மாதம் முடிந்தபின், மகப்பேறு மருத்துவர் அந்தப் பிளாஸ்டிக் உறையில் மறுபடி தேடுவது முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டைத்தான். நாற்பதைக் கடந்த தாய்மாரிடம் கடைசி வாரங்களில் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோகும் வாய்ப்பு, சிறிதே ஆயினும், இளையவர்களைவிட முன்னதாகவே ஏறத் தொடங்குவதால், 39 அல்லது 40 வாரத்தில் வலி வரவழைப்பதைப் பற்றிப் பேசுவார்கள். முதல் பிரசவத்துக்கு வந்த 35 வயதும் அதற்கு மேலும் ஆன 619 பெண்களிடம் பிரிட்டனில் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வில், 39-ஆம் வாரத்தில் அப்படிச் செய்ததால் சிசேரியன் கூடவில்லை. அந்த 39-ஐ எண்ணுவது எந்த நாளிலிருந்து என்பதுதான் கேள்வி. கருவின் உச்சி முதல் பிட்டம் வரையான நீளத்தைக் கொண்டு நாள் கணிக்கும் முறையை கிளாஸ்கோவில் ஹியூ ராபின்சன் 1973-இல் வகுத்துக் கொடுத்தார்; முதல் மூன்று மாதத்தில் அது ஒரு வாரத்துக்குமேல் பிசகுவது அரிது, எட்டாம் மாதத்திலோ இரண்டு மூன்று வாரம்கூடப் பிசகும். ஆகவே மருத்துவர் அப்போது எடுத்து விரித்துப் பார்ப்பது, ஏழு மாதத்துக்கு முன் யாரும் பெரிதாகக் கவனிக்காமல் மடித்துவைத்த தாளின் நடுவே 16 மில்லிமீட்டர், எட்டு வாரம் என்று அச்சாகியிருக்கும் ஒற்றை வரியை.